காலுக்கென்று செய்த கண்ணாடி

போரில் கால் இழந்தவர்களைப் பற்றிய பேச்சில் பற்பசைக்கு என்ன வேலை? பல் கூச்சத்துக்கு விற்கும் சில பசைகளின் வரலாற்றைத் தேடிப் போனபோது நாங்கள் போய் நின்ற இடம் அதுதான். துறைமுகத்துக்காகவே எத்தனையோ படைகள் வந்துபோன, 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் ஷெல் விழுந்த எங்கட திருகோணமலைக்கு இது தூரத்துக் கதை இல்லை.

1967. லரி ஹென்ச் என்ற அமெரிக்கப் பொருளறிவியலாளர், இராணுவம் நடத்திய மாநாடு ஒன்றுக்கு பஸ்ஸில் போகிறார். பக்கத்து சீட்டில் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு கேணல். கதிர்வீச்சையே தாங்கும் பொருளைச் செய்கிறீர்கள், மனித உடம்புக்குள்ள தாக்குப்பிடிக்கிற மாதிரி ஒன்று செய்ய ஏலாதா எண்டு அவர் கேட்டாராம். உள்ளே வைத்த உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்கவில்லை. காயப்பட்ட கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

எலும்பின் கனிமம் கல்சியமும் பொஸ்பேற்றும். அவை கலந்த கண்ணாடியை உடம்பு அந்நியமாக நினைக்காது என்று ஹென்ச் யோசித்தார். 1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருக்கிய கலவையில் சிலிக்கா 45%, சோடியம் ஒக்சைட்டும் கல்சியம் ஒக்சைட்டும் தலா 24.5%, பொசுபரசு ஒக்சைட் 6%. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70% அளவில் இருக்கும். அதனால் அது எத்தனை மழையிலும் அப்படியே நிற்கிறது. இதுவோ ஈரம் பட்டதும் கரையத் தொடங்கும். எலிகளின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், கழற்ற முடியவில்லை. எலும்போடு எலும்பாக ஒட்டிவிட்டது!

ஆனால் கண்ணாடி கண்ணாடிதானே. நடக்கிற மனிதரின் பாரத்தை அது தாங்காது, உடைந்துவிடும். ஆகவே பாரம் இல்லாத இடங்களுக்குப் போனது: 1980களில் நடுக்காதின் சிற்றெலும்புகளுக்குப் பதிலாக, பிறகு பல் பிடுங்கிய குழிக்குள்ளே, கடைசியில் பொடியாகிப் பற்பசைக்குள்ளே. அந்தப் பொடிக்கு நோவாமின் என்று பெயர்; அதை வைத்திருந்த நிறுவனத்தை 2009இல் கிளாக்சோ ஸ்மித்க்ளைன் வாங்கியது.

பல்லில் எனாமல் தேய்ந்தாலோ முரசு கீழிறங்கினாலோ உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். ஐஸ் தண்ணி பட்டதும் குழாய்க்குள் இருக்கும் திரவம் அசைகிறது, நரம்பு துடிக்கிறது. பொட்டாசியம் நைத்திரேற்று கலந்த பசைகள் நரம்பை மந்தமாக்கப் பார்க்கும். கண்ணாடிப் பொடி குழாயின் வாயையே அடைக்கப் பார்க்கும்: உமிழ்நீர் பட்டதும் சோடியம் வெளியேறும், கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்து அபற்றைற்றுப் படலமாகப் படியும். எலியின் எலும்பில் நடந்த அதே வேலைதான்.

சரி, கால்?

ஏறத்தாழ அதே நேரத்தில், 1968இல், ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், சப்பாணி கட்டி இருக்கலாம், வயலுக்குள் இறங்கலாம். 1987இல் யாழ்ப்பாணத்தில் அதற்கொரு நிலையம் வந்தது. போர்க்காயத்துக்கென்று யோசித்த கண்ணாடி பிரஷ்ஷுக்கு வந்தது. எங்கட சனத்தின் காலுக்கு வந்தது ரப்பர்.

உங்கட பசையில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ரியூப்பைத் திருப்புங்கோ. கல்சியம் சோடியம் பொஸ்போசிலிக்கேற்று என்று பொடி எழுத்தில் இருந்தால், அது ஹென்ச்சின் கண்ணாடிதான்.