குதிரை லத்தியில் முளைத்த மிளகாய்

1597இல் லண்டனில் அச்சான ஒரு மூலிகை நூல், மிளகாய் வளர்க்க ஆசைப்படுபவருக்கு வழி சொல்கிறது. விதையைச் சூடான குதிரை லத்திப் பாத்தியில் விதைக்க வேண்டும். மூன்று நான்கு இலை விட்டதும் நாற்றைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெயில் நகர நகரத் தொட்டியும் நகர வேண்டும். குளிர் இரவுகள் தொடங்குவதற்குள் செடி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

எழுதியவர் ஜான் ஜெரார்ட். அறுவைச் சிகிச்சையும் செய்த நாவிதர் மரபைச் சேர்ந்தவர். லண்டனின் ஹோல்போர்னில் இருந்த தம் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளை வளர்த்து, 1596இல் அவற்றைப் பட்டியலிட்டு அச்சிட்டவர். அவருடைய மிளகாய்ச் செடி காய்த்தது. ஆனால் காய் நன்றாகச் சிவக்கவில்லை. அண்மைக் காலப் பருவம் கெட்டுவிட்டது, கடவுள் நல்ல வெயில் தரட்டும் என்று காத்திருந்தார். அது வெறும் புலம்பலன்று. 1594 தொடங்கி இங்கிலாந்தில் கோடைதோறும் மழை கொட்டியது; விளைச்சல் பொய்த்து மக்கள் பட்டினி கிடந்த ஆண்டுகள் அவை. ஒரு தோட்டக்காரரின் பழுக்காத மிளகாயிலும் அந்தக் காலத்தின் குளிர் பதிந்திருக்கிறது.

மெக்சிகோ மண்ணில் பழகிய செடி இது. விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வரை சூடு கேட்கும். லண்டனின் மார்ச் மாதத்தில் அந்தச் சூடு கிடைக்காது. அந்தச் சூட்டைத்தான் குதிரை லாயம் தந்தது. வைக்கோல் கலந்த புது லத்தியை இடுப்பளவு குவித்து மிதிப்பார்கள். உள்ளே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியதும் குவியல் ஆவி விடும். தோட்டக்காரர் அதில் ஒரு குச்சியைச் செருகி வைத்து, பிறகு உருவித் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்காத சூடென்றால் விதை வெந்துவிடும். கொதிப்பு அடங்கி இதமான வெதுவெதுப்பு வந்த பிறகே மேலே மண் பரப்பி விதைப்பார்கள்.

ஜெரார்டுக்கு முன்பே ஜெர்மனியில் மிளகாய் தொட்டிக்கு வந்துவிட்டது. மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் வெளியிட்ட நூலில் அதன் படங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் யாரும் அறியாத செடி, இப்போது மண் தொட்டிகளில் எங்கும் வளர்கிறது என்று அவர் குறித்திருக்கிறார். அதற்கு அவர் வழங்கிய பெயர்களுள் ஒன்று, கள்ளிக்கோட்டை மிளகு! வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்து அப்போது 44 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. காரம் என்றாலே மலபார் என்று ஐரோப்பா நினைத்த காலம். கடல் கடந்து நம்மிடம் வந்த அதே காய்க்கு நாமும் மிளகை வைத்தே பெயரிட்டோம்: மிளகாய்.

இங்கிலாந்தில் பின்னர் லத்திக்குத் துணையாகக் கண்ணாடி வந்தது. ஆனால் கண்ணாடிக்கு 1746 முதல் வரி இருந்ததால், கண்ணாடி வீடு செல்வந்தர் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. 1845இல் அந்த வரி நீங்கிய பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறத்துக்கும் அது மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

மிளகாய் பிரிட்டனுக்கு வந்த இன்னொரு வழி, வங்காளிகள். வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் நாகா மிளகாயையும் கொண்டுவந்தார்கள். போர்ன்மவுத்தில் ஒரு வங்கதேசக் கடையில் கிடைத்த அந்த மிளகாயிலிருந்து, டோர்செட் மாவட்டத்தில் விதை உற்பத்தி செய்த ஒரு தம்பதி நல்ல செடிகளைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கினார்கள். அப்படிப் பிறந்தது ‘டோர்செட் நாகா’. சோதனையில் அதன் காரம் 9 லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டியது. வெளியில் நட்டால் தாங்காத செடி. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்துத்தான் அந்தக் காரத்தை எடுத்தார்கள்.

இன்று பிரிட்டனில் மிளகாய் வளர்ப்பவர் ஜனவரி, பிப்ரவரியிலேயே விதைத்துவிடுகிறார். லத்தி இருந்த இடத்தில் மின்சாரத்தில் சூடேறும் தட்டு இருக்கிறது. மூன்று நான்கு இலை விட்டதும் நாற்று தொட்டிக்கு மாறுகிறது. கோடை முழுதும் தெற்குப் பார்த்த ஜன்னலோரத்தில் நிற்கிறது. செப்டம்பர் முடிவில், இன்னும் பச்சையாக இருக்கும் நாலைந்து காய்களோடு, அந்தத் தொட்டியை அவர் இரு கைகளாலும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோகிறார்.