நடுக்கடலில் ஒரு நாள் தூண்டில் போடப் போறீங்களா? கட்டணம் முதல் சட்டம் வரை... படகு ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, ஸ்கூபா டைவிங் எல்லாம் நிச்சயம் இருக்கும். இப்போது அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதிகாலையில் படகு ஏறி, நாள் முழுக்க நடுக்கடலில் தூண்டில் போட்டுவிட்டு, பொழுது சாயும்போது கரை திரும்பும் ‘கேம் ஃபிஷிங்’ பயணம்.

ஆள் உயரத்துக்கு ஒரு மீனைக் கையில் ஏந்தியபடி நிற்கும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, "நாமும் போகலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். "தூண்டிலே பிடித்தது இல்லையே", "நீச்சல் தெரியாதே", "வாந்தி வருமா?", "மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?" என்ற கேள்விகளும் கூடவே வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேம் ஃபிஷிங் என்றால் என்ன?

பிழைப்புக்காக வலை வீசுவது மீன்பிடித் தொழில். ராட், ரீல் வைத்து ஒருவர் ஒரு மீனோடு மல்லுக்கட்டுவது கேம் ஃபிஷிங். இது இன்று நேற்று வந்தது இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள கேட்டலினா தீவில், 1898-லேயே இதற்கென ‘டூனா கிளப்’ தொடங்கப்பட்டுவிட்டது. இந்த விளையாட்டுக்கான விதிகளை வகுத்து, உலக சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச கேம் ஃபிஷ் சங்கம் 1939-ல் உருவானது.

‘சார்ட்டர்’ என்றால் படகை ஆளோடு சேர்த்து ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது. படகு, டீசல் அல்லது பெட்ரோல், ஓட்டுநர், உதவியாளர், தூண்டில் சாமான்கள் எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். கடலையும் மீனையும் அறிந்தவர் கூடவே இருப்பதால்தான், முதல்முறை போகிறவரும் பத்து வருட அனுபவசாலியும் ஒரே படகில் ஏற முடிகிறது.

ஏன் அந்தமான்?

காரணம், அங்குள்ள கடலின் அமைப்பு. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். அவற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நம் ஊர் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வார்களே, அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளில் நீரோட்டம் மோதும் இடத்தில் சின்ன மீன்கள் திரளும். அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வரும்.

அந்தப் பெரிய மீன்களில் ராஜா, ‘ஜி.டி.’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஜயன்ட் டிரெவாலி. நாம் சந்தையில் வாங்கும் பாறை மீனின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உலகில் இதுவரை பதிவான மிகப்பெரிய ஜி.டி. 72.8 கிலோ எடை கொண்டது. 2006-ல் ஜப்பானில் பிடிபட்டது.

இதுதவிர வஞ்சிரம், சூரை, சீலா, கலவா, செப்பிலி, மயில் மீன் எனப் பலவும் உண்டு. தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்), சுவராஜ் தீவு (2018 வரை ஹேவ்லாக்) ஆகிய இடங்களிலிருந்து படகுகள் கிளம்புகின்றன. அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் கணிசமாக இருப்பதால் மொழிப் பிரச்னையும் அவ்வளவாக இருக்காது.

எப்போது போகலாம்?

பொதுவாக நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை நல்ல காலம். அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத்தான் முதலில் தொடும். அதன்பிறகு கடல் கொந்தளிப்புதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரையிலும் அந்தமான் நிக்கோபாரிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்கான காலம் அது. அந்த நேரத்தில் "ஆஃப் சீசன் ஆஃபர்" என்று யாராவது அழைத்தால், பணம் கட்டுவதற்கு முன் மீன்வளத் துறையிடம் விசாரித்துவிடுவது நல்லது.

ஒரு முழுநாள் பயணம் எப்படி இருக்கும்?

காலை 5.30 - 6.00: படகுத்துறையில் ஆஜர். அந்தமான் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் சீக்கிரமே உதித்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே மறைந்தும் விடும். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே, அவசரம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

போகும் வழியில்: படகு மெதுவாக ஓடும்போதே பின்னால் செயற்கை இரைகளை இழுத்துக்கொண்டு போவார்கள். இதற்குப் பெயர் ‘டிரோலிங்’. மீன் சிக்கியதும் ரீல் ‘கிர்ர்ர்’ என்று அலறும். அப்போது ராடை எடுத்துச் சுற்றினால் போதும். புதியவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

காலை 8 முதல் மதியம் வரை: பார் இருக்கும் இடத்தை அடைந்ததும் ‘பாப்பிங்’. 100 கிராமுக்கு மேல் எடையுள்ள மிதக்கும் இரையைத் தூர வீசி, தண்ணீரில் ‘ளொப் ளொப்’ என்று சத்தம் வரும்படி இழுக்க வேண்டும். காயம்பட்ட மீன் என்று நினைத்து ஜி.டி. மேலே வந்து பாயும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். முன்பின் உடற்பயிற்சி இல்லாதவர்கள் நாள் முழுக்க இதைச் செய்ய முடியாது.

மதியம்: படகிலேயே சாப்பாடு. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு: ஆழமான இடத்தில் ‘ஜிக்கிங்’. கனமான உலோக இரையைக் கீழே இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுப்பது. அது முடியாதவர்களுக்கு ‘பாட்டம் ஃபிஷிங்’ இருக்கிறது. நிஜ இரையை முள்ளில் கோத்து அடிக்கடலில் இறக்கிவிட்டுக் காத்திருக்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும்கூட இதைச் செய்யலாம். கலவா, செப்பிலி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மாலை 4.00 - 5.00: இருட்டுவதற்குள் கரை.

தூண்டிலே பிடித்தது இல்லை... போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் முன்பதிவு செய்யும்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கெத்துக்காகச் சொன்னால், பாப்பிங்கிற்கு மட்டுமே ஏற்பாடு செய்துவிடுவார்கள். பத்து மணிக்கே கை ஓய்ந்துவிடும். மீதி நாள் முழுக்க வேடிக்கைதான்.

புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ‘டிராக்’. ரீலில் இருக்கும் பிரேக் மாதிரி இது. மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நரம்பு தாங்கும் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை வைப்பது வழக்கம். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள், நிற்கும்போது சுற்றுங்கள். பாதி வித்தை அவ்வளவுதான்.

ஓடும் நரம்பைக் கையால் பிடிக்கவே கூடாது. விரலை வெட்டிவிடும். யாராவது வீசும்போது அவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது. கண்ணாடி அணிவது வெயிலுக்கு மட்டும் இல்லை, பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பாற்றவும்தான்.

வாந்தி வருமா?

வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பு ஆடுவதாகக் காது சொல்கிறது, படகின் தரை அசையாமல் இருப்பதாகக் கண் சொல்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வருகிறது.

முந்தைய இரவு நன்றாகத் தூங்க வேண்டும், மது கூடாது. காலையில் வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இட்லி மாதிரி லேசான உணவு போதும். படகில் செல்போனைப் பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை என்றால், குமட்டல் வந்தபிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. படகு ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், இதயநோய் உள்ளவர்கள், முதுகுத்தண்டில் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஏற வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. கட்டணம் படகுக்கா, ஆளுக்கா? ஒரு படகில் எத்தனை பேர் தூண்டில் போடலாம்? பாப்பிங் என்றால் 3, 4 பேருக்கு மேல் இடம் போதாது.

2. மீன்வளத் துறை அனுமதி இருக்கிறதா? படகின் பதிவு எண் என்ன?

3. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் இருக்கிறதா?

4. வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ்., முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? நடுக்கடலில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

5. இரை அறுந்து போனால் யார் பணம் கொடுப்பது? பல இடங்களில் பயணி தலையில்தான் அது விழும்.

6. வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பணத்தைத் திருப்பித் தர மனமில்லாதவர், மோசமான கடலிலும் படகை எடுக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று பற்றிய முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. முந்தைய நாளே நீங்களும் பார்த்துவிடலாம். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

எங்கே போகக் கூடாது?

இதுதான் மிக முக்கியம். வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கி.மீ. தூரத்துக்கு யாரும் நெருங்கக் கூடாது. 2006-ல் அந்தத் தீவருகே படகு அடித்துச் செல்லப்பட்டதில் மீனவர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். 2018-ல் தீவுக்குள் போன அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். அவரை அழைத்துப் போன மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஆபத்து நமக்கு மட்டும் இல்லை. வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத அந்த மக்களுக்கு, நம்மிடமிருந்து ஒட்டும் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட உயிருக்கு உலை வைத்துவிடும். "கொஞ்சம் கிட்டப் போய் போட்டோ எடுக்கலாம்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலும் மீன் பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் என்றால், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் இதே நிலைதான்.

பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

சாப்பிட ஒரு சூரையோ வஞ்சிரமோ வைத்துக்கொள்வதைப் பல படகுகளில் அனுமதிக்கிறார்கள். ஆனால் ஜி.டி., மயில் மீன் போன்றவற்றை போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விடுவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். பெரிய மீன்தான் அதிகம் முட்டையிடும். அதைக் கொன்றுவிட்டால் அடுத்த வருடம் அதே பாருக்கு வருகிறவர்களுக்கு மிஞ்சப்போவது வெறும் தண்ணீர்தான். நஷ்டம் இந்தப் படகுகளை நம்பிப் பிழைக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பவளப்பாறைப் பகுதியில் வாழும் பெரிய மீன்களின் உடலில் ‘சிகுவாடெரா’ என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது.

விடப்போகிற மீனை ஈரக் கையால் பிடியுங்கள். செவுளில் விரலைவிட்டுத் தொங்கவிடாதீர்கள். இரண்டு கையாலும் கிடைமட்டமாக ஏந்தி, ஒரு போட்டோ, அவ்வளவுதான். பிறகு தண்ணீரில் பிடித்து, அது தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை காத்திருங்கள். கொக்கிப்பல் இல்லாத முள்ளைப் பயன்படுத்தினால் காயமும் குறைவு. தவறிப்போய் நம் கையில் குத்தினாலும் எடுப்பது சுலபம்.

திமிங்கலச் சுறா, வேளா மீன், கடல் ஆமை, அந்தமானின் மாநில விலங்கான கடல் பசு ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தெரியாமல் தூண்டிலில் சிக்கினாலும் உடனே விட்டுவிட வேண்டும்.

மீனே கிடைக்கவில்லை என்றால்?

அதுவும் நடக்கும். நீரோட்டம், நிலவு, காற்று எல்லாம் சேர்ந்து வந்தால்தான் கடல் கொடுக்கும். "கண்டிப்பாக ஜி.டி. பிடித்துத் தருகிறோம்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். நல்ல படகோட்டி மீனுக்கு உத்தரவாதம் தர மாட்டார். காலையில் கூட்டிப்போன எல்லோரையும் மாலையில் பத்திரமாகக் கரை சேர்ப்பதற்குத்தான் அவர் பொறுப்பேற்பார். படகைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான்.