கட்டியங்காரன் யார் பக்கம்?

எங்கள் விருத்தாசலம் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் வரவைச் சொல்பவன். ராஜாவின் கிரீடம் வெறும் மரக்கட்டை என்பதையும் அவனே சொல்லிவிடுவான். இந்த ஹாஸ்யத்தில் வளர்ந்தவனுக்கு இணையப் பங்கு வர்த்தகத்தின் தொலைக்காட்சி விளம்பரங்கள் முதல் பார்வையில் உறவுக்காரன் மாதிரிதான் படுகின்றன.

1999ல் அமெரிட்ரேட் என்ற அமெரிக்கத் தரகுக் கம்பெனி எடுத்த படம். ஸ்டூவர்ட் என்ற ஆபீஸ் பையன் ஜெராக்ஸ் மெஷினில் தன் முகத்தை வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறான். மேலதிகாரி கூப்பிடுகிறார். திட்டுவதற்கு அல்ல, இணையத்தில் பங்கு வாங்கக் கற்றுக்கொள்ள. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்கிறவன் என்ற முறையில் இந்தத் தலைகீழ் எனக்கு மிகவும் பிடித்தது. மானேஜர் குமாஸ்தாவிடம் பாடம் கேட்பதாவது!

அவர் வாங்கியது கே-மார்ட் பங்குகள் நூறு. தரகு எட்டு டாலர். 2002 ஜனவரியில் கே-மார்ட் திவால் மனு கொடுத்தது. 2003ல் பழைய பங்குகள் ரத்தாயின. படத்தில் பொய் எதுவும் இல்லை. தரகு எட்டு டாலர்தான்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்தர் லெவிட், 1999 மே மாதத்திலேயே, இவற்றில் சில லாட்டரி விளம்பரம் போலிருப்பதாகச் சொன்னார். ஈ-டிரேட் இன்னும் கெட்டி. 2000 ஜனவரி 30 அன்று ஒரு குரங்கை ஆடவிட்டு, இதற்காக இருபது லட்சம் டாலரை வீணடித்தோம் என்று தன்னையே கேலி செய்துகொண்டது. கூலி கொடுப்பவனையும் கேலி செய்கிறதே, இது கூத்து அல்லவா என்று தோன்றும். ஆனால் கட்டியங்காரன் கிரீடத்தைக் கழற்றிக் காட்டினான். இவன் குரங்கைக் காட்டிப் பணப்பெட்டியை மறைத்தான். நாற்பதாவது நாள், மார்ச் 10ல், நாஸ்டாக் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது.

இணைய வர்த்தகம் இங்கு வந்ததும் அதே 2000ல்தான். 2024ல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பத்தில் ஒன்பது பேர் தோற்கிறார்கள் என்ற எச்சரிக்கையைத் தரகர்கள் திரையில் காட்டியாக வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி.

போன மாதம் பீங்கான் சூளையில் வேலை செய்யும் பையன் ஒருவன் ஆர்.டி. கணக்கைப் பாதியில் முடிக்க வந்தான். போனில் அந்த எச்சரிக்கையைக் காட்டி, "தம்பி, இதைப் படித்தாயா?" என்றேன்.

"அது எல்லாருக்கும் வரும் சார்" என்று சிரித்தான். கையெழுத்து சரியாக இருந்தது. பணத்தைக் கொடுத்தேன்.