பதவியும் பணியும்: காமராசரின் எழுச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெரியபாளையத்திற்குத் தென்மேற்கே, கொசத்தலையாற்றின் குறுக்கே அமைந்துள்ளது பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மாநகரின் குடிநீருக்காக 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இந்நீர்த்தேக்கம், மாநகரத் தந்தையாயிருந்து இதற்காக உழைத்த எஸ். சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரோ 1943-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே மறைந்துவிட்டார். தாம் தொடங்கிய பணியின் நிறைவை அவர் காணவில்லை. இவரைத் தம் அரசியல் குருவாகக் கொண்டவரே கு. காமராசர். குருவுக்கு மாநிலத்தின் முதலமைச்சர் பதவியும் கிட்டவில்லை. சீடரோ இந்தியாவுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தளிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

காமராசரைப் பற்றி மேடைகளில் பேசுவோர், ‘பதவி ஆசை சிறிதும் இல்லாதவர்’ என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. ஊழியத்திற்கு அழைக்கப்பட்டவர் பதவியை நாடலாமா என்னும் வினா நம் இறையியல் மாணவரிடையே அடிக்கடி எழுகிறது. திருச்சபை அவைகளில் தேர்தல் நெருங்கும்போது அவ்வினா கூர்மையடைகிறது. சிலவேளைகளில் கசப்பாகவும் மாறுகிறது. வினாவை நேரடியாக அணுகுமுன், நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நலமென்று எண்ணுகிறோம்.

1. கடைத்தெருவிலிருந்து கட்சித் தலைமைக்கு

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மாள் ஆகியோருக்கு மகனாகக் காமராசர் பிறந்தார். அவ்வூரே இன்றைய விருதுநகர். தந்தையை இளமையிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்த சிறுவனுக்கு வணிகத்தில் மனம் செல்லவில்லை. 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையின் செய்தி அவர் உள்ளத்தை நாட்டுப்பணியின்பால் திருப்பிற்று. 1930-இல் இராஜாஜி நடத்திய வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். அதன்பின் பல முறை சிறை சென்றவர், தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையிலேயே கழித்தார்.

அக்காலத் தமிழகக் காங்கிரசில் இராஜாஜி ஒருபுறமும் சத்தியமூர்த்தி ஒருபுறமுமாக இரு அணிகள் இருந்தன. காமராசர் சத்தியமூர்த்தியின் அணியில் நின்றார். 1936-இல் குரு தலைவராகவும் சீடர் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். 1940-இல் நிலைமை மாறிற்று. தலைவர் பதவிக்கு இராஜாஜி அணியின் வேட்பாளர் சி. பி. சுப்பையாவை எதிர்த்துக் காமராசர் போட்டியிட்டு, மூன்றே வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். சத்தியமூர்த்தியோ தம் சீடரின்கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற மனமுவந்து இசைந்தார். தாம் வளர்த்த பிள்ளையின்கீழ்ப் பணிபுரிய இசைவது எளிதன்று என்பதை நீண்ட நாள் ஊழியத்தில் இருப்போர் அறிவர்.

இத்தேர்தல் ஈண்டு நோக்கத்தக்கது. காமராசர் இப்பதவிக்குத் தேடி அழைத்து வரப்பட்டவர் அல்லர், போட்டியிட்டு வென்றவர். ஊர் ஊராகச் சென்று தொண்டர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருந்ததே அவருடைய வலிமை. ஆங்கிலப் புலமையும் சட்டக் கல்வியும் தலைமைக்கு இன்றியமையாதவை என்று கருதப்பட்ட காலத்தில், அவ்விரண்டும் இல்லாத ஒருவர் மாகாணக் கட்சியின் தலைவரானார்.

ஆயினும் பதவியை விடுவதற்கும் அவர் அன்றே கற்றிருந்தார். 1941-இல் அவர் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அவைக்குச் சென்று, தமக்கு வேறு பணி உண்டு என்று கூறி உடனே விலகினார். 1942 ஆகஸ்டில் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்புகையில், சென்னையில் காவலர் காத்திருப்பர் என்று உணர்ந்து அரக்கோணத்திலேயே இரயிலைவிட்டு இறங்கினார். பின்னர் மாவட்டம் மாவட்டமாக மறைந்து சென்று போராட்டச் செய்தியைச் சேர்ப்பித்தார். பணி முடிந்தபின் தாமே கைதுக்கு உட்பட்டார். அச்சிறைவாசம் 1945 வரை நீடித்தது.

2. அரியணைக்குப் பின்னால்

1946 முதல் 1954 வரையுள்ள காலம் காமராசரின் வாழ்வில் புகழுரைகள் மிகுதியாகத் தொடாத பகுதியாகும். 1946-இல் சென்னைக்கு வந்து சென்ற காந்தியடிகள், இராஜாஜியை எதிர்த்தவர்களை ஒரு சிறு கும்பலாகக் கருதித் தம் இதழில் எழுதினார். அச்சொல் காமராசரைப் புண்படுத்தியது. அவர் சட்டமன்றக் குழுவிலிருந்து விலகினார். ஆயினும் கட்சியின்மேல் தமக்கிருந்த பிடியை விடவில்லை. அதே ஆண்டில் பிரகாசம் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே வீழ்ந்தார். 1947-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரும், 1949-இல் குமாரசாமி ராஜாவும் அப்பதவிக்கு வந்தனர். இம்மாற்றங்களில் காமராசரின் கை இருந்ததென்பதை அன்றைய அரசியல் உலகம் அறிந்திருந்தது. அமைச்சரவையில் அமராத ஒருவர் அமைச்சரவைகளை ஆக்கவும் அகற்றவும் வல்லவராய் இருந்தார்.

1952 தேர்தலில் காங்கிரசு 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. இராஜாஜி முதலமைச்சராக அழைக்கப்பட்டார். அவர் 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழி செய்தது. குலத்தொழிலைப் பிள்ளைகளின்மேல் சுமத்தும் திட்டம் இதுவென்று மக்கள் கொதித்தெழுந்தனர். இராஜாஜி விலகினார். கட்சியின் சட்டமன்றத் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை வென்று, 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றம் புகுந்தார்.

வென்றபின் அவர் செய்தது போற்றுதற்குரியது. தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பழைய கல்வித் திட்டத்தை அவையில் ஆதரித்துப் பேசிய சுப்பிரமணியமே கல்வியமைச்சராய் நீடித்து, அத்திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சார்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறை ஒப்படைக்கப்பட்டது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி, கோயில்களை மேற்பார்வையிடும் அமைச்சராக வாயிலில் வரவேற்கப்பட வேண்டியவரானார். எந்தச் சொற்பொழிவும் இதனை இவ்வளவு தெளிவாக எடுத்துரைத்திருக்க முடியாது.

3. அதிகாரத்தின் பயன்

ஒன்பதரை ஆண்டுக்கால ஆட்சியின் சாதனைகளை இங்கு முழுவதும் விரிக்க வேண்டுவதில்லை. மூடப்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளியில்லாச் சிற்றூர்களுக்குப் பள்ளிகள் வந்தன. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு போன்றோரின் துணையுடன் 1956 முதல் மதிய உணவுத் திட்டம் பரவிற்று. பசி கொண்ட பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் மிஷன் பள்ளிகளின் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டிருந்தனர். படிப்பை இழந்த ஒருவர் அரசின் தலைமையில் அமர்ந்தபோது, அவ்வுண்மை அரசின் கொள்கையாயிற்று.

நம் வட்டாரமும் இவ்வாட்சியின் சுவடுகளைத் தாங்கியுள்ளது. 1955 சனவரியில் ஆவடியில் யு. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்ம மாதிரியான சமுதாயம் என்னும் குறிக்கோளை ஏற்றது. பின்னர் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அருகிலுள்ள அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. 1960 ஏப்ரலில் ஆந்திரத்துடன் செய்யப்பட்ட எல்லை மாற்றத்தால் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. ஊத்துக்கோட்டை வழியாகப் பயணம் செய்வோர் இன்றும் அவ்வெல்லையைக் கடக்கின்றனர்.

4. பதவி துறந்து பெற்ற அதிகாரம்

1962-இல் சீனப் போரில் நாடு அடைந்த தோல்வியும், 1963-இல் முக்கிய இடைத்தேர்தல்களில் கட்சி அடைந்த தோல்விகளும் காங்கிரசைக் கலங்கச் செய்தன. மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று காமராசர் நேருவிடம் முன்மொழிந்தார். ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினர். காமராசர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பொறுப்பை விட்டார். இதுவே ‘காமராசர் திட்டம்’ எனப் பெயர் பெற்றது.

இதனைத் தூய துறவு என்பாரும் உளர். போட்டியாளர்களை அகற்றும் உபாயம் என்பாரும் உளர். சான்றுகளை நோக்குமிடத்து இரண்டும் கலந்தே இருந்தன என்று கூற வேண்டியுள்ளது. விலகியவர்களுள் மொரார்ஜி தேசாயும் லால் பகதூர் சாஸ்திரியும் இருந்தனர். சில திங்களுக்குள், 1964 சனவரியில், சாஸ்திரி மீண்டும் அமைச்சரவைக்கு அழைக்கப்பட்டார், தேசாய் அழைக்கப்படவில்லை. 1963 அக்டோபரிலேயே காமராசர், சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்யா கோஷ் ஆகியோர் திருப்பதியில் கூடி, நேருவுக்குப் பின் வரவேண்டிய ஏற்பாடுகளைப் பற்றிக் கலந்துரையாடினர். 1964 சனவரியில் புவனேசுவர மாநாட்டில் காமராசர் அகில இந்தியத் தலைவராக அமர்ந்தார். மாநிலப் பதவியைத் துறந்தவர் மூன்றே திங்களில் நாட்டுக் கட்சியின் தலைமையை எய்தினார்.

அவ்வதிகாரத்தை அவர் கையாண்ட முறை முதலில் நாட்டிற்கு நன்மை பயந்தது. 1964 மே 27-இல் நேரு மறைந்தார். நாடு குழப்பத்தில் ஆழும் என்று பலர் அஞ்சிய வேளையில், காமராசர் கட்சியினர் ஒவ்வொருவரையும் கேட்டறிந்து, வாக்கெடுப்பின்றிச் சாஸ்திரியைத் தலைவராக்கினார். 1966 சனவரி 11-இல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோது, காமராசரே பிரதமராக வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தினர். இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமக்குப் போதிய தேர்ச்சியில்லை என்பதை எடுத்துக்காட்டி அவர் மறுத்தார். பின்னர் இந்திரா காந்தியை முன்னிறுத்தினார். 355 வாக்குகள் பெற்று அவர் தேசாயை வென்றார். தேசாய்க்குக் கிடைத்தவை 169.

5. வீழ்ச்சி தரும் பாடம்

இந்திரா அம்மையார் மூத்தோர் சொற்படி நடப்பார் என்பது கட்சித் தலைவர்களின் எதிர்பார்ப்பு. அவர் பதவியேற்ற ஐந்தாம் திங்களிலேயே, 1966 சூனில், ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. காமராசர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். பிரதமரைத் தேர்ந்தவருக்குப் பிரதமரைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை. 1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில், தம் சொந்த மண்ணில், மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். அதே ஆண்டு கட்சி இரண்டாக உடைந்தது. 1971-இல் தமிழகத்தில் அவர் பக்கத்துக் காங்கிரசுக்குக் கிடைத்த மக்களவை இடம் அவருடைய நாகர்கோவில் ஒன்றே. நெருக்கடி நிலையின்போது, 1975 அக்டோபர் 2 அன்று, சென்னையில் அவர் காலமானார். தமக்கென்று சொத்து எதுவும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

இவ்வீழ்ச்சியின் காரணங்களுள் ஒன்றை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். காமராசர் மாநிலத்தை விட்டது கட்சியை வலுப்படுத்துவதற்காகவே. ஆனால் அவர் இல்லாத ஆண்டுகளில், 1965-இன் மொழிப் போராட்டத்திலும் உணவுத் தட்டுப்பாட்டிலும், அவர் கட்டி வளர்த்த வீடே சரிந்தது. முதலமைச்சராயிருந்தபோது அவர் செய்தவற்றுக்கு மக்களிடம் நேரே விடை கூறினார். பிரதமர்களை ஆக்கியபோதோ, அதிகாரம் அவரிடமும் பொறுப்பு மற்றவரிடமும் இருந்தன. அவ்விரண்டும் பிரிந்து நின்ற நிலை நீடிக்கவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றை ஆராயுங்கால் நம் மாணவரின் வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கிறது. காமராசர் பதவியை நாடினார், அதற்காகப் போட்டியிட்டார், அணி சேர்த்தார். இவற்றை மறைத்து அவரைத் துறவியாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பெற்ற பதவி பள்ளிப் பிள்ளையின் தட்டில் சோறாக வந்தமையாலேயே அது நியாயம் பெற்றது. தோற்றவரைப் பகைவராகக் கருதாமல் தம்மருகே அமர்த்திக்கொண்டமையால் அது உறுதி பெற்றது.

நம் திருச்சபை அவைகளிலும் தேர்தலில் நிற்பவரைப் பார்த்து முகஞ்சுளிப்போர் உண்டு. அவ்வாறு சுளிப்போரிற் சிலர், தாம் நில்லாமலே பிறரை நிறுத்தியும் வீழ்த்தியும் வருகின்றனர் என்பதையும் நாம் அறிவோம். தாம் எதற்கும் ஆசைப்படாதவர் என்று அவர்கள் நம்புகின்றனர். சவுலை அபிஷேகம் செய்த சாமுவேல் பின்னர் அவனுக்காகத் துக்கித்தார் என்று வேதம் கூறுகிறது; தாம் ஏற்படுத்தியவனைக் குறித்த பாரத்தை அவர் தட்டிக்கழிக்கவில்லை. வெளிப்படையாக நின்று, வாக்குக் கேட்டு, வென்றாலும் தோற்றாலும் கணக்கு ஒப்புவிப்பவர், திரைக்குப் பின்னிருந்து ஆட்டுவிப்பவரைக் காட்டிலும் நேர்மையானவர் என்பதே நம் கருத்து.

வருகிற ஆண்டுகளில் சபைப் பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவர்கள் விருதுநகர் நகராட்சி அவையை நினைவிற்கொள்ளட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட நாற்காலியை விட்டு எழுந்து, தம் வேலைக்குத் திரும்பிய முப்பத்தெட்டு வயதினர் ஒருவரை அங்கே காண்கிறோம். அவ்வாறு எழ முடியுமா என்பதை, அமருமுன்னரே ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று.