இணையவழித் துன்புறுத்தலில் பார்த்திருப்போர்

இணையவழித் துன்புறுத்தலில் பார்த்திருப்போர் என்பது, ஒருவர் கைப்பேசி அல்லது இணையம் ஊடாகத் துன்புறுத்தப்படுவதைக் காணும், ஆனால் அதனைத் தொடங்காத ஏனையோரைக் குறிக்கும். பள்ளிகளில் துன்புறுத்துவோரும் துன்புறுவோரும் சிலரே, பார்த்திருப்போரே பெரும்பான்மையினர். அவர்கள் சிரிக்கிறார்களா, மௌனம் காக்கிறார்களா, துணைநிற்கிறார்களா என்பதைப் பொறுத்துத் துன்புறுத்தல் தொடரவோ ஓயவோ கூடும். இத்தெரிவில் ஒத்துணர்வும் பள்ளிச் சூழலும் முக்கிய பங்கு வகிக்கின்றன.

பின்னணி

1968 ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்களான ஜான் டார்லி, பிப் லாட்டனே ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டனர். அதில் பங்குபற்றியோர், மற்றொருவர் வலிப்பால் அவதியுறும் குரலைத் தலையணிக் கேட்பி வழியே கேட்டனர். தாம் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், வலிப்பு முடியும் முன்னரே உதவி தேடினர். மேலும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற இந்நிலை பொறுப்புப் பரவல் எனப்படுகிறது.

1996 இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும், பள்ளித் துன்புறுத்தல் இருவருக்கு இடையிலானது அன்று, ஒரு குழுச் செயற்பாடு என விளக்கினர். அவர்கள் வகுத்த பங்குகள் பின்வருமாறு:

* துன்புறுத்துபவர்
* துன்புறுபவர்
* உடந்தையாளர் - துன்புறுத்துபவருடன் சேர்ந்துகொள்பவர்
* ஊக்குவிப்பவர் - சிரித்தோ கூச்சலிட்டோ உற்சாகமூட்டுபவர்
* ஒதுங்கி நிற்பவர்
* காப்பவர் - துன்புறுபவருக்குத் துணைநிற்பவர்

இணையவெளியின் தனித்தன்மை

வகுப்பறையில் துன்புறுபவரின் முகமும் கண்ணீரும் கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் அவை தெரிவதில்லை; ஆகவே ஒத்துணர்வு எழுவதற்கான தூண்டல் குறைகிறது. முகம் காட்டாமை மனத்தடைகளைத் தளர்த்துவதை ஜான் சூலர் 2004 இல் விளக்கினார். மேலும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது தெரியாததால் பொறுப்புப் பரவல் மிகுகிறது. ஓர் இழிவான படத்தை நண்பருக்கு அனுப்புபவர், தம்மை வெறும் பார்வையாளராகவே கருதக்கூடும். எனினும் ஒவ்வோர் அனுப்புதலும் துன்புறுத்தலை மீண்டும் நிகழ்த்துகிறது.

ஒத்துணர்வு

ஒத்துணர்வு இரு கூறுகளைக் கொண்டது. பிறர் உணர்வது என்ன என்று அறிந்துகொள்வது அறிவுசார் ஒத்துணர்வு. அவ்வுணர்வைத் தாமும் உணர்வது உணர்வுசார் ஒத்துணர்வு. ஒத்துணர்வு மிக்க மாணவர் காப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒத்துணர்வு மட்டும் போதுமானதன்று. இத்தாலியில் ஜியான்லூக்கா ஜினியும் பிறரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், காப்பவர்களிடம் மட்டுமன்றி ஒதுங்கி நிற்பவர்களிடமும் ஒத்துணர்வு காணப்பட்டது. இவர்களை வேறுபடுத்தியது, "என்னால் தலையிட முடியும்" என்ற தன்னம்பிக்கையே. எனவே மௌனமாக இருப்பவர் இரக்கமற்றவர் என முடிவுசெய்வது தவறு.

பள்ளிச் சூழல்

அத்தன்னம்பிக்கை வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் சூழலைப் பொறுத்தது. ஊக்குவிப்பவர் மிகுந்த வகுப்புகளில் துன்புறுத்தல் மிகுந்தும், காப்பவர் மிகுந்த வகுப்புகளில் குறைந்தும் இருப்பதாகச் சல்மிவல்லி குழுவினர் 2011 இல் காட்டினர். முறையிட்டால் ஆசிரியர் செவிசாய்ப்பார், முறையிட்டவர் பெயர் வெளிவராது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், அடுத்த இலக்கு தாமாகிவிடுவோம் என்ற அச்சம் மேலோங்குகிறது.

கிவா திட்டம்

கிவா என்பது பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட பள்ளித் திட்டமாகும். பின்னிய மொழியில் இச்சொல்லுக்கு "இனிய" என்று பொருள். "துன்புறுத்தலுக்கு எதிராக" என்னும் தொடரின் சுருக்கமும் ஆகும். இது பாடங்கள், கணினி விளையாட்டுகள் ஆகியவற்றின் மூலம் பார்த்திருப்போரின் ஒத்துணர்வையும் தலையிடும் திறனையும் வளர்க்க முயல்கிறது. 234 பள்ளிகளில் மதிப்பிடப்பட்ட பின்னர், 2009 முதல் நாடெங்கும் பரவியது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, இணையவழியில் துன்புறுவதும் இதனால் குறைந்ததாகக் கண்டது. எனினும் துன்புறுத்தும் செயல் குறைந்தது மாணவரின் வயதைப் பொறுத்தே அமைந்தது.

துணைநிற்கும் வழிகள்

காப்பவர் துன்புறுத்துபவருடன் நேரடியாக மோத வேண்டியதில்லை. துன்புறுபவருக்குத் தனியே ஆறுதல் செய்தி அனுப்புதல், இழிவான படத்தை மேலும் பகிராதிருத்தல், உரிய தளத்தில் புகாரளித்தல், நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறுதல் ஆகியவையும் காத்தலே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* ஒத்துணர்வு
* சமூக உளவியல்
* பகிடிவதை