லயத்தினின்று வன்னிக்கு

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே, கங்காணிமார் அழைத்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர்க்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அவர்தம் கடனைக் குறித்த ‘துண்டு’, ஆளையே தோட்டத்திற்குத் தோட்டம் கைமாற்றிற்று. 1921இல் துண்டு முறை ஒழிந்தது, லயம் ஒழியவில்லை. வேலை போயின், கூரையும் போம்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் துரத்தப்பட்ட அவர்தம் வழித்தோன்றல்கள் வவுனியாவை அடைந்தபொழுது, கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தீய இயக்கம் அவர்களைக் குடியேற்றியது. கட்டடக் கலை பயின்றவர் முன்னின்ற பணியாயினும், மாளிகை எதுவும் எழவில்லை. எளிய குடிசைகளே எழுந்தன. ஆனால் பயிரிட நிலமும் பாலர் பாடசாலையும் உடனிருந்தன. கூரைக்கும் கங்காணிக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. சுவரினும் இதுவன்றோ பெரிது!

1983இல் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர், கென்ற் பண்ணைகளினின்று குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. டேவிட் 2015இல் கிளிநொச்சியிற் காலமானார்.