லிப்ரனின் ஐந்து தோல்விகளும் கயிறு இழுத்தவர்களும்

அமெரிக்கா கிண்ணம் என்றால் அமெரிக்கா என்ற நாட்டின் பெயரில் நடக்கிற போட்டி என்றுதான் கனபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது ஒரு படகின் பெயர். 1851 ஓகஸ்ட் 22 ஆம் திகதி 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பல், நியூயோர்க்கில் இருந்து வந்து, இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் வைற் தீவைச் சுற்றி நடந்த ஓட்டத்தில் பிரித்தானியக் கனவான்களின் படகுகள் எல்லாவற்றையும் வென்றது. பரிசாக ஒரு வெள்ளிக் கூசா கொடுத்தார்கள். அந்தக் கூசாவுக்கு அடி இல்லை, தண்ணீர் ஊற்றினால் நிற்காது. அதற்காகத்தான் 170 வருசத்துக்கும் மேலாக உலகத்துப் பணக்காரர்கள் அடிபடுகிறார்கள்.

நான் குசினியில் வேலை செய்கிற றெஸ்ரோரன்ற் போட்ஸ்மத்தில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்துபோனால் எதிரே அந்த வைற் தீவு தெரியும். ஓகஸ்டில் தீவின் கௌஸ் துறையில் ஒரு கிழமை பாய்ப்படகுப் போட்டி நடக்கும். அந்தக் கிழமை எங்களுக்கு லீவு கேட்டுப் பிரயோசனம் இல்லை. "இதெல்லாம் காசுக்காரற்ற விளையாட்டு, உனக்கென்ன அதில இவ்வளவு அக்கறை" என்று கூட வேலை செய்கிற அண்ணை கேட்பார். அதில தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கு அண்ணை, பங்குக்காசுதான் வரேல்லை என்பேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருப்பார். பகிடி இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டு. இருபது முப்பது படகு சேர்ந்து ஓடுகிற ஓட்டம் வேறு, இது வேறு. இதில் இரண்டே இரண்டு படகு. எவ்வளவு கெதியாகப் போனாய் என்று இப்போது யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை, மற்றவனுக்கு முன்னால் கோட்டைக் கடந்தால் போதும். ஓட்டப் பந்தயத்தை விட எங்கட ஊர்க் கிளித்தட்டுத்தான் இதற்குக் கிட்ட வரும். பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்துதான் ஏற வேணும். முன்னுக்கு நிற்கிறவன் என்ன செய்வான் என்றால், பின்னுக்கு வருகிறவனுக்குக் காற்று வருகிற பக்கத்தில் தன்னுடைய பாயைக் கொண்டுபோய் மறிப்பான். அவன் திரும்ப இவனும் திரும்புவான். பின்னுக்கு நிற்பவனுக்கு வருவது இவன் பாயில் அடித்துக் குழம்பிய காற்றுத்தான். ஓட்டம் தொடங்குவதற்கு முதலே ஒருவனை ஒருவன் சுற்றி வளைத்து, குற்றம் செய்ய வைத்துத் தண்டனை வாங்கிக் கொடுக்கப் பார்ப்பார்கள். உலகத்தில் சம்பளத்துக்குப் பாயோட்டுகிற பெரிய அணிகள் எல்லாம் விளையாடுகிற விளையாட்டு இதுதான்.

தொடக்கத்தில் இது நேர்மையான சண்டையாக இருக்கவில்லை. 1870 இல் முதன்முதலாக ஓர் ஆங்கிலேயர் சவால் விட்டு வந்தபோது நியூயோர்க் கழகம் தன்னிடம் இருந்த படகுகளை எல்லாம் இறக்கி, ஒற்றைப் படகைக் கூட்டமாக எதிர்த்தது. 1876 இல் கனடாக்காரர் வந்தபோதுதான் ஒன்றுக்கு ஒன்று என்றானது. 1895 இல் டன்றேவன் பிரபு தோற்றுப் போனார். அமெரிக்கர் படகில் களவாகப் பாரம் ஏற்றினார்கள் என்று அவர் குற்றம் சாட்ட, விசாரணை வைத்து அதைத் தள்ளுபடி செய்தார்கள். இரண்டு பக்கமும் முகம் பார்க்காத நிலை. இனி யார் சவால் விடப்போகிறான் என்றிருந்த நேரத்தில்தான் தோமஸ் லிப்ரன் வருகிறார்.

ஆம், தேயிலை லிப்ரன்தான்.

அவர் கிளாஸ்கோவில் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். பதின்ம வயதில் கப்பலேறி அமெரிக்கா போய், வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலைனாவில் நெல் வயலிலும் கூலி வேலை செய்திருக்கிறார். பிறகு நியூயோர்க்கில் ஒரு கடையில் வேலை செய்து, சாமானை எப்படிப் பரப்பி வைத்தால் ஆட்கள் வாங்குவார்கள் என்று படித்துக்கொண்டு ஊர் திரும்பி, 1871 இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை போட்டார். ஹாம், வெண்ணெய், முட்டை. கடைகள் பெருகின. 1890 இல் இலங்கைக்குப் போனார். கோப்பி இலையில் நோய் விழுந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்து, காணி மலிவாகக் கிடந்த காலம். ஊவாவில், அப்புத்தளைப் பக்கம், தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகன் இல்லாமல் தோட்டத்தில் இருந்து நேரே கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்து விற்றார். தோட்டத்துக்கும் கேத்தலுக்கும் நடுவில் யாருமே இல்லையாம்! கொழுந்து பறித்தது யார்? தமிழ்நாட்டில் இருந்து கங்காணிகள் கூட்டிவந்த சனம். லிப்ரனின் பழைய தேயிலைத் தகரங்களில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்ணின் படம் இருக்கும். படம் இருக்கும், பெயர் இருக்காது.

நேர்மையாகச் சொல்ல வேணும். அவருடைய படகுகள் முழுக்கத் தேயிலைக் காசில்தான் கட்டப்பட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஹாமும் வெண்ணெயும் கூட அதில் இருக்கிறது. ஆனால் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன சாமான் தேயிலை. அமெரிக்காவில் தேயிலை விற்க அவருக்கு இந்தக் கிண்ணத்தை விட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

1899 இல் றோயல் அல்ஸ்ரர் யொட் கழகத்தின் பெயரில் 'ஷாம்ரொக்' என்ற படகோடு நியூயோர்க் போனார். காற்றில்லாமல் நாள் கணக்காகக் காத்திருந்து ஓடிய ஓட்டம். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியில் கடலில் இருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியது இந்தப் போட்டியில்தான். லிப்ரன் 3-0 என்று தோற்றார். 1901 இல் 'ஷாம்ரொக் 2', மறுபடி 3-0. அந்தக் காலத்தில் பெரிய படகு சின்னப் படகுக்கு நேரம் விட்டுக்கொடுக்க வேணும். 1901 இன் கடைசி ஓட்டத்தில் லிப்ரனின் படகு 2 செக்கன் முன்னால் கோட்டைக் கடந்தும், நேரக் கணக்கில் 41 செக்கனால் தோற்றது. 1903 இல் எதிரே வந்தது 'றிலயன்ஸ்'. 16,000 சதுர அடிக்கு மேல் பாய். எங்கட கணக்கில் கிட்டத்தட்ட ஆறு பரப்புக் காணியை நிமிர்த்தி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கடைசி ஓட்டத்தில் 'ஷாம்ரொக் 3' புகாரில் வழி தவறி முடிவுக் கோட்டையே காணாமல் போனது.

இந்த மூன்று முறையும் அமெரிக்கப் படகின் தண்டையல் ஒரே ஆள்தான், சார்லி பார். அவரும் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், சம்பளத்துக்கு வேலை செய்தவர். 1899 இல் அவருக்குக் கீழே கயிறு இழுத்தவர்கள் மெயின் மாநிலத்து டியர் தீவின் மீனவர்கள். லிப்ரன் பக்கத்தில் இழுத்தவர்களும் கூலி ஆட்கள்தான். அந்த நாட்களில் இங்கிலாந்துப் பணக்காரரின் பந்தயப் படகுகளை ஓட்டியவர்களில் கனபேர் எசெக்ஸ் கரையோரத்து ஊர்க்காரர், மாரியில் மீன்பிடி, கோடையில் யொட். போட்டியின் கதை சொல்லுகிறவர்கள் லிப்ரன் என்றும் மோர்கன் என்றும்தான் சொல்வார்கள். மோர்கன் வங்கி முதலாளி. அவர் கயிற்றைத் தொட்டிருப்பாரோ தெரியாது.

நான்காவது முறைக்கு 'ஷாம்ரொக் 4' அத்திலாந்திக் கடலில் வந்துகொண்டிருக்கும்போதே 1914 யுத்தம் தொடங்கிவிட்டது. ஆறு வருசம் அமெரிக்கக் கரையில் ஏற்றி வைத்திருந்து 1920 இல்தான் ஓடினார்கள். முதல் இரண்டு ஓட்டமும் லிப்ரனுக்கு! இன்னும் ஒன்று வென்றால் கூசா கையில். மூன்றாவது ஓட்டத்தை இரண்டு படகும் செக்கன் வித்தியாசம் இல்லாமல் ஒரே நேரத்தில் ஓடி முடித்தன. ஆனால் 'ஷாம்ரொக் 4' பெரிய படகு என்பதால் 7 நிமிசம் 1 செக்கன் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதில் தோற்று, அடுத்த இரண்டிலும் தோற்று, 3-2.

அந்த 1920 இல் இலங்கைத் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதென்றால் அவன் பெயரில் எழுதப்பட்டிருக்கும் கடனை யார் அடைப்பது என்று காட்டும் துண்டு வேணும். கடனை எழுதியது கங்காணி. வாசிக்கத் தெரியாதவன் அதில் என்ன கிடக்கு என்று கேட்கவா போகிறான்? துண்டு முறையை ஒழித்தது 1921 இல்தான். படகுக்கு நேரக் கணக்கு, ஆட்களுக்குக் கடன் கணக்கு.

1930 இல், எண்பது வயதை எட்டிய பிறகு, 'ஷாம்ரொக் 5' உடன் கடைசியாக வந்தார். 4-0. அமெரிக்கச் சனம் அவருக்காகக் காசு சேர்த்துத் தங்கக் கிண்ணம் ஒன்று செய்து கொடுத்தது. தோற்றவர்களில் நல்ல மனிசன் என்று. ஆனால் இங்கே கௌஸில் இருக்கிற றோயல் யொட் ஸ்குவாட்ரன், பலசரக்குக் கடைக்காரன் என்று வருசக் கணக்காக அவரை வெளியே வைத்திருந்தது. 1931 இல்தான் சேர்த்தார்கள். அந்த வருசம் ஒக்ரோபரில் அவர் செத்துப்போனார். வாசலில் காக்க வைக்கப்பட்ட மனிசன் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் உண்டு. கூலி வேலை செய்த ஒருவர் தன் தோட்டத்துக் கூலிகளை எப்படிப் பார்த்திருப்பார் என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கத்தான் வேணும். 'ஷாம்ரொக் 5' இன்னமும் இருக்கிறது, காசைக் கொட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். மலையகத்தில் வெள்ளைக்காரன் காலத்து லயன்களும் இன்னமும் இருக்கின்றன. அதற்குள் சனமும் இருக்கிறது. அந்தச் சனத்திடம் இருந்து 1948 இல் குடியுரிமையைப் பறித்தபோது எங்கட யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்தக் கிண்ணத்தின் கதையில் எனக்கு அதிகம் பிடித்த இடம் 1934. விமானக் கம்பனி முதலாளி சொப்வித், 'எண்டெவர்' என்ற படகைக் கட்டினார். அதுவரை பிரித்தானியாவில் இருந்து போனதிலேயே திறமான படகு என்று சொல்வார்கள். புறப்படுகிற நேரத்தில் கூலி ஆட்கள் சம்பளம் கூட்டிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கா போய்த் திரும்பினால் மாரி மீன்பிடியின் தொடக்கம் தவறிவிடும், வீட்டுக்கு யார் காசு கொடுப்பது? சொப்வித் மறுத்தார். ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். கழகங்களில் இருந்து சம்பளம் வாங்காத கனவான் பொடியன்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். முதல் இரண்டு ஓட்டம் வென்றார்கள். பிறகு வரிசையாக நான்கு தோல்வி.

மூன்றாவது ஓட்டத்தில் முன்னுக்கு நின்ற படகைத் தேவையில்லாமல் திருப்பி வெற்றியைப் பறிகொடுத்தது சொப்வித்தின் சொந்தப் பிழை. அதைப் பொடியன்களின் தலையில் போட முடியாது. ஆனால் ஒரு பெரிய பாயை இறக்கி மற்றதை ஏற்றுவது எங்கட சனிக்கிழமை இரவுக் குசினி மாதிரி. ஆளுக்கு ஆள் வாய் திறக்காமலே கை போக வேணும். அது ஒரு கிழமையில் வராது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு பவுண் கூடக் கேட்ட சமையல்காரரை முதலாளி அனுப்பிவிட்டு, தன் மச்சானை அடுப்படியில் விட்டார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது முடியாது.

1937 இல் சொப்வித் இன்னொரு முறை வந்து 4-0 என்று தோற்றார். அடுத்த வருசம், 1938 இல், அந்தப் போட்டிகள் நடந்த கடலுக்கு வடக்கே, மசச்சூசெற்சின் குளொஸ்ரர் துறைமுகத்தில் ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'. றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். எந்தக் கிண்ணத்துக்காகவும் வந்த கப்பல் இல்லை. ஆனால் அதை ஓட்டிக்கொண்டு போனவர்களின் பெயரை வல்வெட்டித்துறையில் இப்போதும் சொல்வார்கள். வாங்கியவரின் பெயரைத்தான் யோசித்துச் சொல்வார்கள்.

பிறகு 1983. எங்களுக்கு 83 என்றால் யூலை. ஒஸ்ரேலியருக்கு 83 என்றால் செப்ரெம்பர் 26. நியூயோர்க் கழகம் 132 வருசம் வைத்திருந்த கிண்ணத்தை அன்று 'ஒஸ்ரேலியா 2' பறித்தது. 3-1 என்று பின்னுக்கு நின்று 4-3 என்று வென்றார்கள். படகின் அடிக்கட்டையில் செட்டை வைத்திருந்தார்கள், அதைத் துணி போட்டு மூடி ஒளித்து வைத்திருந்தார்கள். அன்று காலை பிரதமர் பொப் ஹோக், இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று யாரையாவது நிப்பாட்டுகிற முதலாளி உதவாக்கரை என்ற மாதிரி ரீவியில் சொன்னார். ஒரு பிரதமரின் வாயில் இருந்து வந்த பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. படகின் முதலாளி அலன் பொண்ட் பிற்காலத்தில் மோசடி வழக்கில் சிறைக்குப் போனார்.

இன்றைக்கு ஓடுகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது, நல்ல சம்பளம் இருக்கிறது. 2015 யூலையில் இதே போட்ஸ்மத் கடற்கரையில் கிண்ணத்தின் முன்னோட்டப் போட்டிகள் நடந்தபோது சனம் தலைவர்களின் படத்தோடு நின்றது. நான் பின்னேர வேலைக்குப் போகும் வழியில் அரை மணித்தியாலம் பார்த்தேன், படகுகள் தண்ணீரைத் தொடாமல் பறந்தன. 2024 இல் பார்சலோனாவில் நியூசிலாந்து 7-2 என்று பிரித்தானியாவை வென்றது. 1851 இல் தன் வீட்டுக் கடலில் தோற்ற பிரித்தானியா இன்றுவரை ஒருமுறை கூட அந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை. அந்தப் படகுகளில் எட்டுப் பேர். அதில் நான்கு பேரின் வேலை, குழிக்குள் இருந்து சைக்கிள் மாதிரி மிதித்து மிதித்து, பாயைத் திருப்பும் இயந்திரத்துக்குச் சக்தி கொடுப்பது. கடலைக் கூட ஒழுங்காகப் பார்க்க முடியாது.

அடுத்தது 2027 இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் என்று அறிவித்திருக்கிறார்கள். புது விதிப்படி படகில் ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேணும். மிதிக்கிற ஆட்களை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு பற்றரி வருகிறது.